குறும்படம் எடுக்கும் விஸ்காம் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேட்டரிக்கு சார்ஜ் போடாமல் வருவது, லென்ஸ் மூடியோடு ஷாட் வைப்பது எல்லாம் ஒருமுறை பட்டால் சரியாகிவிடும். வருஷா வருஷம் புது பேட்ச் வந்தாலும் மாறாதவை வேறு.

மெமரி கார்டை அவசரமாக ஃபார்மேட் செய்வது

சிறிய பல்கலைக்கழகத் துறையில் கேமரா ஒன்றிரண்டுதான். சாயங்காலம் ஒப்படைக்க வேண்டும். மறுநாள் அதே கார்டோடு வேறு குழு எடுத்துப் போகும். அதனால் காப்பி எடுப்பது கடைசி நிமிட வேலையாகிறது.

பல சோனி மாடல்களில் ஃபார்மேட் செய்ததும் வீடியோ எண் மறுபடி சி0001-லிருந்து தொடங்கும். இரண்டாம் நாள் ஃபுட்டேஜை முதல் நாள் ஃபோல்டரிலேயே கொட்டினால், 'ரீப்ளேஸ் செய்யவா?' என்று லேப்டாப் கேட்கும். யாராவது ஒருவர் படிக்காமலே தட்டிவிடுவார். நாயகியின் க்ளோசப் இருந்த சி0014-இல் இப்போது பஸ் ஸ்டாண்ட் வைட் ஷாட்! இது எடிட்டில்தான் தெரியவரும். நாயகியை ரீஷூட்டுக்குக் கூப்பிட்டால், அதற்குள் அவர் முடியை வெட்டியிருப்பார்.

நாளுக்கொன்று, கார்டுக்கொன்று என்று தனி ஃபோல்டர் போடுங்கள். க்ளிப்பை மட்டும் பொறுக்காமல், கார்டில் இருப்பதை அப்படியே முழுதாக இறக்குங்கள். கோப்பு எண்ணிக்கையையும் மொத்த ஜிபியையும் ஒப்பிட்டு, முதல், நடு, கடைசி க்ளிப்புகளை ஹார்டு டிஸ்கிலிருந்து ஓட்டிப் பாருங்கள். கார்டிலிருந்தே ஓட்டிவிட்டு 'இருக்கு சார்' என்று சொல்வதில் பயனில்லை. இரண்டாவது டிஸ்கிலும் ஏறிய பிறகே ஃபார்மேட்.

100 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 100 மெகாபிட்) 4கே-யில் ஒரு மணி நேரப் பதிவு சுமார் 45 ஜிபி. பழைய யுஎஸ்பி 2 ரீடரில் இறக்க அரை மணி நேரம் பிடிக்கும். ஐந்து மணிக்கு கேமராவைத் தர வேண்டுமென்றால் நாலு மணிக்கே பேக்கப்.

தவறிப்போய் ஃபார்மேட் செய்துவிட்டால், அதில் மேற்கொண்டு ஒரு ஷாட்கூட எடுக்காதீர்கள். கார்டைக் கழற்றி, பக்கவாட்டு லாக்கைத் தள்ளி, ரெக்கவரி மென்பொருளில் போடுங்கள். மேலே எழுதப்படாதவரை பெரும்பாலும் மீளும்.

டியூப் லைட்டில் ஷட்டர் வேகம் 1/60

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வினாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 வையுங்கள். இல்லாவிட்டால், மானிட்டரில் தெரியாத ஃப்ளிக்கர் (வெளிச்சத் துடிப்பு) புரொஜெக்டரில் பட்டை பட்டையாக ஓடும்.

ரூம் டோன் எடுக்காமல் கிளம்புவது

ரூம் டோன் என்பது யாரும் பேசாதபோது அந்த இடத்தில் இருக்கும் சத்தம். ஃபேனை நிறுத்தி, வசனம் எடுத்த அதே மைக்கில், அதே இடத்தில் 30 வினாடி பதிவு செய்யுங்கள். யாரும் அசையக் வெளிச்சத்துக்கேற்ப நிறத்தைக் கேமராவே தானாக மாற்றிக்கொள்வது. கூடாது.

ஆட்டோ வைட் பேலன்ஸ்

கூடாது.