இரவல் வரி எப்போது களவாகிறது? கவிதை எழுதுபவர்கள் விடும் தவறுகள்

போன மாதம் இரண்டு கல்வெட்டுகள் என் மேசையில் அருகருகே கிடந்தன. யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு வீட்டார் அச்சடித்துக் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தைத்தான் கல்வெட்டு என்கிறோம். இரண்டிலும் ஒரே வெண்பா. ஒன்றில் 'நல்லூரில் வாழ்ந்த' என்று இருந்தது, மற்றதில் 'அச்சுவேலியில் வாழ்ந்த' என்று மாற்றியிருந்தார்கள். ஊர் மாறியதோடு வெண்பாவும் கெட்டுப்போயிற்று. யாப்பிலக்கணப்படி 'நல்லூரில்' என்பது தேமாங்காய் என்ற வகைச் சீர், அடுத்த சீர் நேரசையில் தொடங்குவதால் தளை (சீரும் சீரும் இணையும் முறை) பொருந்தும். 'அச்சுவேலியில்' கூவிளங்கனி என்ற கனிச்சீர். கனிச்சீருக்கு வெண்பாவில் இடமே இல்லை. யாரோ ஒரு புலவர் அசை பார்த்துக் கட்டிய பாட்டு அது. இரண்டு புத்தகத்திலும் அவருடைய பெயர் இல்லை.

'ஒரு வரிதானே, இதைப் போய்க் களவு என்பதா?' என்று கேட்பவர்கள் உண்டு. வாசிப்பவர் அதை உங்கள் வரி என்று நம்பும்படி விட்டால், ஒரு வரியானாலும் களவுதான் என்பது என் எண்ணம். சில கவிதைகளுக்கு உயிரே ஒரு வரியில்தான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன?

இதில் நான் அடிக்கடி காணும் தவறு, மரபைச் சாட்டுக்கு இழுப்பது. 'மணிமேகலையில் குறள் வரவில்லையா? நன்னூலார் பழைய சூத்திரங்களை அப்படியே எடுக்கவில்லையா?' என்பார்கள். எடுத்தார்கள், சரி. ஆனால் எப்படி எடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். 'தெய்வம் தொழாஅள்' என்ற குறளைச் சொன்ன மணிமேகலை ஆசிரியர் சாத்தனார், அடுத்த மூச்சிலேயே 'என்ற அப் பொய்யில் புலவன் பொருளுரை தேறாய்' என்கிறார். வள்ளுவர் பெயரைச் சொல்லவில்லை, அடிக்குறிப்பும் போடவில்லை. ஆனாலும் இது இன்னொரு புலவர் சொன்னது என்று கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடுகிறது. நன்னூல் செய்த பவணந்தியார் பழஞ்சூத்திரங்களை ஏன் அப்படியே எடுக்கிறோம் என்பதற்கே ஒரு சூத்திரம் செய்து வைத்தார்: 'முன்னோர் மொழி பொருளே அன்றி அவர் மொழியும் பொன்னேபோல் போற்றுவம்' என்று. சிவஞான முனிவரின் சோமேசர் முதுமொழி வெண்பாவில் ஒவ்வொரு பாட்டின் கடைசி இரண்டடியும் குறள். முதுமொழி என்று நூலின் பெயரே சொல்லிவிடுகிறது. நம்முடைய மரபு இரவலைத் தடுக்கவில்லை. இரவல் என்று காட்டு என்றது, அவ்வளவுதான். மரபைச் சாட்டும் நண்பர்கள் முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

'எல்லாருக்கும் தெரிந்த வரிதானே' என்று விடுவது அடுத்த தவறு. 'காக்கை குருவி எங்கள் சாதி' என்று உங்கள் கவிதையில் வந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள், பாரதி என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். 80களில் இருநூறோ முந்நூறோ பிரதி அடித்த ஒரு சிற்றிதழில் வந்த வரி அப்படியா? உங்கள் நண்பர்கள் நாலு பேருக்குத் தெரிந்தது ஊருக்கே தெரிந்ததாகிவிடாது.

இதன் மறுபக்கமும் உண்டு. எல்லார் வாயிலும் இருப்பதால் அதற்கு ஆசிரியரே இல்லை என்று நினைத்துவிடுகிறோம். 'ஆடிப்பிறப்புக்கு நாளை விடுதலை, ஆனந்தம் ஆனந்தம் தோழர்களே' என்று பாடாத பிள்ளை இங்கே இல்லை. அதை 'நாட்டார் பாடல்' என்று போட்ட விழா மலர் ஒன்றைப் பார்த்து எனக்கு நெஞ்சு நொந்தது. அது நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் பாட்டு. அவர் காலமானது 1953இல். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 70 ஆண்டு வரைதான், அதனால் இன்று யாரும் அந்தப் பாட்டை அச்சிடலாம். அதற்காகப் பெயரை எடுத்துவிடலாம் என்று ஆகாது. பதிப்புரிமை உள்ள கவிதையிலும் சிறு பகுதியை மேற்கோளாகத் தர அதே சட்டம் இடம் தருகிறது, ஆசிரியர் பெயரையும் எடுத்த இடத்தையும் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு.

ஒரு சொல்லை மாற்றினால் தன்னுடையதாகிவிடும் என்ற எண்ணத்துக்கு, ஊர்ப்பெயர் மாற்றிக் கெட்ட அந்தக் கல்வெட்டு வெண்பாவே பதில்.

தெரியாமல் நடப்பதும் உண்டு, அது எனக்கே நடந்தது. இளவயதில் பிடித்த வரிகளை ஒரு கொப்பியில் எழுதிவைப்பேன், பெயர் போடாமல். பல வருடம் கழித்து ஒரு கவியரங்கில் வாசித்துவிட்டு இறங்கியபோது, முன்வரிசையில் இருந்த வயதான ஆசிரியர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டார்: "தம்பி, அந்தக் கடைசி வரி உம்முடையதோ?" என்னுடையது என்றுதான் சொன்னேன், அப்படித்தான் நம்பினேன். வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்தால், என் கையெழுத்தில் அதே வரி, இரண்டு பக்கம் தள்ளி அதே கவிஞரின் வேறு வரிகள். அன்றிலிருந்து எந்த வரியை எழுதினாலும் முதலில் பெயர், பேந்துதான் வரி. உங்களையும் அப்படியே செய்யச் சொல்வேன். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்த ஊர் இது. அதன் பிறகு இடம்பெயர்ந்தபோது வீட்டு அலுமாரிகளில் இருந்தவையும் போயின. புத்தகம் கைக்குக் கிடைக்காத ஒரு கவிஞருக்கு, நாங்கள் வரியோடு சேர்த்துச் சொல்லும் பெயர்தான் மிச்சம். சந்தேகம் வந்தால் 'நூலகம்' என்ற எண்ணிம (டிஜிட்டல்) நூல் தளத்தில் பழைய தொகுதிகளைத் தேடலாம்.

மேடையில் வாசிக்கும்போது மேற்கோள் குறி காதில் விழாது என்பதையும் மறந்துவிடுகிறோம். தாளில் குறி போட்டிருக்கிறேன் என்பது அங்கே உதவாது, 'இன்னார் சொன்னது போல' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அதே நேரம், ஒத்த சொல்லைக் கண்டவுடன் களவு என்று பாய்வதும் பிழை. ஷெல் விழுந்து தலையிழந்த பனைகளை எங்களில் எத்தனையோ பேர் பார்த்தோம். இரண்டு பேர் அதை எழுதினால் ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதினார் என்றாகாது. காட்சி பொது. சொல்லை அடுக்கிய விதம்தான் ஒருவருக்குச் சொந்தம்.

யார் எழுதியது என்று தெரியாவிட்டால் 'எழுதியவர் பெயர் தெரியவில்லை' என்று போடுங்கள், ஆனால் கேட்டுப் பார்த்த பிறகு. நல்லூர்க் கல்வெட்டின் வீட்டாருக்கு நான் தொலைபேசியில் பேசினேன். "அது அப்பாவின்ரை கூட்டாளி எழுதித் தந்தவர், கையெழுத்துத் தாள் இப்பவும் கிடக்கு" என்றார் மகன். தாளின் அடியில் பெயரும் இருக்கிறதாம். அச்சில் இடம் காணாது என்று விட்டதாம்.