மழைக்காலத்தில் பிள்ளைகளோடு அருங்காட்சியகம்: நெல்லையில் முதல்முறை போகிறவர்களுக்கு

ஐப்பசி பிறந்துவிட்டால் நம்ம ஊரில் வீட்டுக்கு வீடு இதே பாடுதான். ஆற்றுக்கு அனுப்ப முடியாது. குற்றாலத்தில் தண்ணீர் கூடினால் குளிக்க விடமாட்டார்கள். தெருவெல்லாம் சகதி, அதனால் பிள்ளைகள் போனை எடுத்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அருங்காட்சியகம் போவதற்கு இதைவிட நல்ல காலம் கிடையாது என்பேன். வெயிலில் வாடி வதங்கிப் போய்ச் சேர்வதில்லை, வெளியே ஓடி விளையாட வழியில்லாததால் உள்ளே நிதானமாகப் பார்ப்பார்கள். ஒரு நாளைக்கு ஓர் இடம், அந்த இடத்தில் மூன்று பொருள் நன்றாகப் பார்த்தால் போதும். கீழே உள்ள எல்லாமே அதற்காகத்தான்.

படி 1: நாளைப் பாருங்கள்

தூறல் நாள், விட்டு விட்டுப் பெய்யும் நாள் சரி. சிவப்பு எச்சரிக்கை என்றால் வீட்டிலேயே இருங்கள். கலெக்டர் பள்ளிக்கு விடுமுறை விட்டது ஊர் சுற்றுவதற்காக அல்ல. 2023 டிசம்பர் மழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்திலேயே பயணிகளோடு நின்றுபோனது. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் தண்ணீர் திறக்கிறார்கள் என்று செய்தி வந்தால் ஆற்றோரச் சாலைகளைத் தவிர்த்துவிடுங்கள்.

அப்புறம், வார விடுமுறை. அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் விடுமுறை. மற்ற இடங்களுக்கு முதல் நாளே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: பிள்ளையின் வயதுக்கு ஏற்ற இடம்

கைக்குழந்தை தாண்டி, எதையும் தொட்டுப் பார்க்கத் துடிக்கும் வயது என்றால் கொக்கிரகுளத்தில் உள்ள மாவட்ட அறிவியல் மையம். 1987-இல் திறந்தது. பொத்தானை அழுத்தலாம், சக்கரத்தைச் சுற்றலாம். வெளியே உள்ள அறிவியல் பூங்கா மழையில் உதவாது, உள்ளரங்கம் மட்டும் போதும்.

படம் வரையப் பிடித்த பிள்ளைக்குப் பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகம். இடம் சிறியது, கூட்டம் குறைவு, ஒரு சிற்பத்தின் முன்னால் எவ்வளவு நேரம் நின்றாலும் யாரும் நகரச் சொல்வதில்லை. ஓவியக் கண்காட்சியும் பயிற்சியும் அவ்வப்போது நடத்துவார்கள், போகும்போது விசாரியுங்கள்.

மூன்றாம் வகுப்புக்கு மேல் என்றால் ரெட்டியார்பட்டியில் 2025 டிசம்பரில் திறந்த பொருநை அருங்காட்சியகம். அகழாய்வு நடந்த ஊர்களான ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை என்று தனித்தனிப் பகுதிகள். ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க நினைக்காதீர்கள். ஒரு பகுதியைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள், மற்றதை அடுத்த மழைக்கு வைத்துக்கொள்ளலாம்.

படி 3: பை

ஆளுக்கொரு மாற்றுச் சட்டை, ஒரு துண்டு, ஈரக்குடையைப் போட ஒரு பை. வரைய நோட்டும் பென்சிலும். பேனா வேண்டாம், மை தெறித்தால் காட்சிப்பொருள் கெட்டுப்போகும். முறுக்கு, தட்டை, பிளாஸ்கில் சுக்குக் காப்பி எல்லாம் வெளியே வந்து சாப்பிட.

ஈரத்தோடு உள்ளே போகக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குக் காரணத்தோடு சொல்லுங்கள். காற்றில் ஈரம் ஏறினால் இரும்பு துருப்பிடிக்கும், வெண்கலத்தில் பச்சைப் பொடி பூக்கும், ஓலைச்சுவடியில் பூஞ்சை பிடிக்கும். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இருக்கிறதல்லவா, அதே சரக்கைத்தான் அருங்காட்சியகங்களில் காட்சிப்பெட்டிக்குள்ளும் வைக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட பிள்ளை குடையைத் தானே வாசலில் வைத்துவிட்டு வரும்.

படி 4: உள்ளே போனதும்

முதலில் கால் மணி நேரம் சும்மா ஒரு சுற்று. விளக்கப் பலகையை வாசிக்க வேண்டாம், நீங்களும் பாடம் நடத்த வேண்டாம். சுற்றி முடித்ததும் ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த ஒரு பொருளைச் சொல்லட்டும். அதன் முன்னால் போய் நின்று மூன்று கேள்வி: இது எதால் செய்தது? எதற்குப் பயன்பட்டது? எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது, உடைந்திருக்கிறது? மூன்றாவது கேள்வியைத்தான் நான் உயர்வாக நினைக்கிறேன். அதற்குப் பதில் பலகையில் இருக்காது, கண்ணால்தான் தேட வேண்டும்.

பிறகு பத்து நிமிடம் வரையச் சொல்லுங்கள். நன்றாக வந்திருக்கிறதா என்பது முக்கியமில்லை. வரையும்போதுதான் பானையின் கழுத்தில் ஓடும் கோடு கண்ணில் படும்.

பெரும்பாலும் பிள்ளைகள் போய் நிற்பது, அந்தக் காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்பானையான முதுமக்கள் தாழி முன்னால்தான். "ஆச்சி, இதுக்குள்ள எப்படி ஆள வச்சாங்க?" என்று கேட்பார்கள். பேச்சை மாற்றாதீர்கள். சில தாழிகளில் உடலையே உட்கார்ந்த நிலையில் வைத்தார்கள், சிலவற்றில் எலும்புகளைப் பிறகு எடுத்து வைத்தார்கள், கூடவே அவர்கள் புழங்கிய சாமான்களையும் வைத்து அனுப்பினார்கள் என்று உள்ளபடி சொல்லலாம். பிள்ளைகள் பயப்படுவதில்லை, பெரியவர்கள் திணறினால்தான் பயப்படுகிறார்கள்.

இந்த இடத்தில் ஆச்சி, தாத்தா கூட இருப்பது பெரிய பலம். சிவகளைத் தாழி ஒன்றில் கிடைத்த நெல்லின் காலம் பொது ஆண்டுக்கு முன் 1155 என்று ஆய்வில் தெரிந்திருக்கிறது. சுமார் 3,200 ஆண்டு. பிள்ளைக்கு அது வெறும் எண். குலுக்கையில் நெல் கொட்டி வைத்த காலத்தைப் பார்த்த ஆச்சி, அதன் வாய் எங்கே இருக்கும், நெல்லை எப்படி எடுப்பார்கள் என்று சொல்ல ஆரம்பித்தால், அந்த நெல் ஒரு வீட்டு நெல்லாகிவிடும். அவர்களை வாசல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் மட்டும் உள்ளே போகாதீர்கள். வழியில் உட்கார இடம் பார்த்து, மெதுவாகக் கூட்டிச் செல்லுங்கள்.

ஒன்றரை மணி நேரம் ஆனதும் வெளியே வந்துவிடுங்கள், பிள்ளை இன்னும் கேட்டாலும் சரி.

படி 5: மழை வெறித்த நாளில் திருச்செந்தூர் சாலை

இரண்டு தடவை உள்ளூரில் பார்த்துப் பழகிய பிறகு இதைச் செய்யுங்கள். காலையில் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோவில். நாயக்கர் காலத்துச் சிற்பங்கள், ஆளுயரக் கல், நகக்கண்ணும் நரம்பும் தெரியும். மண்டபத்துக்குள் இருப்பதால் தூறல் தொந்தரவு இல்லை. எனக்கு நம் பக்கத்தின் முதல்தரக் கலைக்கூடம் இதுதான். மதியம் நடை சாத்துவார்கள் என்பதால் இதையே முதலில் வையுங்கள்.

அதே சாலையில் மேலும் போனால் ஆதிச்சநல்லூர். 1876-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஜாகோர் தோண்டினார், 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டினார். ரீ எடுத்த பொன் நெற்றிப்பட்டமும் வெண்கலப் பொருள்களும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. இங்கே இருப்பது அகழாய்வுக் குழியே. மேலே கண்ணாடி பதித்திருக்கிறார்கள், அதன்மேல் நின்று குனிந்து பார்த்தால் தாழிகள் கிடந்த இடத்திலேயே கிடக்கின்றன. ஈரக்காலோடு ஏறினால் கண்ணாடி வழுக்கும், சின்னப் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். செம்மண் காடு என்பதால் வண்டியை ஓரத்து மண்ணில் இறக்காமல் தார்ச்சாலையிலேயே நிறுத்துங்கள். மழைக்காலத்தில் சீக்கிரமே இருட்டிவிடும், நான்கு மணிக்கெல்லாம் திரும்பிவிட வேண்டும்.