எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறீர்கள்?

என் தையல் கடையில் கட்டிங் டேபிள் ஓரத்தில் எப்போதும் ஒரு நாவல் குப்புறக் கிடக்கும். ஜாக்கெட் அளவு கொடுக்க வருகிறவர்கள் கண்ணில் அதுதான் முதலில் படும். "என்னக்கா படிக்கிறீங்க, நல்லாருக்கா?" என்று கேட்பார்கள். கோவில்பட்டியில் கடை வைத்துப் பதினெட்டு வருடம் ஆகிறது. இந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்பதை மெதுவாகத்தான் கற்றுக்கொண்டேன்.

"நல்லாருக்கு" என்று நான் சொன்னதைக் கேட்டு யாரும் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் போனதாக நினைவில்லை. "போர்" என்று சொன்னதைக் கேட்டு விட்டவர்கள் உண்டு. ஒரு சொல்லில் ஒரு நாவல் ஒருவர் கையை விட்டுப் போய்விடும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை, எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று சொல்லிவிடுவது. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வந்த நாவல். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தென்கிழக்கு ஆசியாவில் மெடான், பினாங்கு பக்கம் பிழைக்கப் போன நம் ஆட்களின் கதை. ஆரம்பத்திலேயே தெரியாத ஊர்ப் பெயர்கள், தெருப் பெயர்கள், மலாய்ச் சொற்கள் என்று வரிசையாக வரும். நாற்பதாவது பக்கத்தில் தட்டுத்தடுமாறிக்கொண்டிருந்தபோது, சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கக் கொடுக்க வந்த ஒரு டீச்சரிடம், "ஒண்ணும் புரியல டீச்சர், பிடிபடாத புத்தகம்" என்று சொல்லிவிட்டேன். நூறு பக்கம் தாண்டியதும் கதை வேறு மாதிரி ஆகிவிட்டது. எங்கோ தொலைதூரத்தில் இருந்துகொண்டு கதாநாயகன் பாண்டியன் மதுரைத் தெருக்களையும் தன் சின்னமங்கலத்துச் சந்தையையும் நினைத்துப் பார்க்கிற பக்கங்களை ஓவர்லாக் மிஷினை நிறுத்திவிட்டுப் படித்தேன். டீச்சரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அன்னைக்கு நீங்கதானே பிடிபடலைன்னீங்க" என்றார். இன்றுவரை அவர் அதைத் தொடவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

"நாற்பதாவது பக்கத்துல இருக்கேன், எனக்கு இன்னும் பிடிபடல, நூறு வரைக்கும் பார்க்கப் போறேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். அப்படிச் சொல்லியிருந்தால் நூறாவது பக்கத்தில் நான் என்ன சொல்கிறேன் என்று கேட்க அவரும் காத்திருந்திருப்பார். பாதியில் இருக்கும்போது சொல்கிற கருத்தை நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம். மாறலாம் என்பதைச் சொல்லும்போதே சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

படிக்கும்போது பக்கத்தில் ஒரு பென்சில் இருக்கட்டும். பழைய பில் புக்கின் பின்பக்கத்தைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன். பக்க எண், எதிரே இரண்டு மூன்று சொற்கள். "62, அம்மா சிரிக்கிறாள், ஏன்?" என்பது போல. இதற்கு மேல் எழுத வேண்டாம். எழுத ஆரம்பித்தால் படிப்பது நின்றுவிடும்.

யாராவது கேட்டால் அந்தத் தாளைப் பார்த்து ஒரு காட்சியைச் சொல்லுங்கள். காட்சி முக்கியம். அசோகமித்திரனின் 'தண்ணீர்' படித்துக்கொண்டிருந்தபோது, "மெட்ராஸ் தண்ணீர்ப் பஞ்சத்தைப் பத்தின நாவல்" என்று ஒருவரிடம் சொன்னேன். "ஓ" என்று தலையாட்டிவிட்டு, ஜாக்கெட்டுக்கு லைனிங் எவ்வளவு ஆகும் என்று கேட்டார். அடுத்து வந்தவரிடம், "ஜமுனான்னு ஒரு பொண்ணு, ஆதரவுக்குச் சரியா யாருமில்ல, குடத்தைத் தூக்கிட்டு எந்தத் தெருவுல தண்ணி வருதுன்னு அலையுறா. அதைப் படிக்கும்போது நம்ம தெருக் குழாய்ல காத்து மட்டும் வந்த சத்தம் எனக்குக் கேட்டுச்சு" என்றேன். இரண்டு நாள் கழித்துப் புத்தகத்தைக் கேட்டே வந்தார். குழாயில் தண்ணீர் வரும் நாளை எண்ணிக்கொண்டு வாழ்ந்த ஊர் எங்களுடையது. அந்தச் சத்தம் அவருக்கும் தெரியும். நாவலில் ஒரு இடம், உங்கள் வாழ்க்கையில் அது தொட்ட இடம். இந்த இரண்டும் போதும். கதைச் சுருக்கமே வேண்டியதில்லை.

கதையில் எதைச் சொல்லலாம், எதை விடலாம்? முதல் சில பக்கங்களில் எழுத்தாளரே திறந்து வைத்திருப்பதைச் சொல்லலாம். எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரரான பூமணியின் 'வெக்கை' 1982இல் வந்தது. பதினைந்து வயதுப் பையன் ஒருவன் அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு ஓடுவதில்தான் நாவலே தொடங்குகிறது. அதைச் சொன்னால் எதுவும் கெட்டுப்போகாது. கொலை நடந்துவிட்டது, அப்பாவும் மகனும் ஒளிந்து திரிகிற எட்டு நாள்தான் நாவல். "எட்டு நாள் எப்படிக் கழியுது பாருங்க" என்று சொல்லிக் கொடுக்கலாம். எட்டாவது நாள் என்ன ஆகிறது என்பதை வாயைத் திறந்து சொல்லக்கூடாது. 2019இல் இதை வைத்து 'அசுரன்' வந்த பிறகு, "படம் பார்த்தாச்சே, கதை தெரியுமே" என்கிறவர்கள் அதிகம். அவர்களிடம் நான் அந்த அப்பாவும் மகனும் பேசிக்கொள்கிற ஒரு பக்கத்தைக் காட்டி, நின்றபடியே படிக்கச் சொல்வேன். அந்தப் பேச்சு எங்கள் கரிசல் பேச்சு. படம் பார்த்தவருக்கும் அது புதிதாகத்தான் இருக்கும்.

அப்புறம், ஒருவருக்கு நாவலைப் பரிந்துரைப்பது. இதில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். நானும் அவசரப்பட்டிருக்கிறேன். எனக்குப் பிடித்தது எல்லாருக்கும் பிடிக்கும் என்று நினைத்துக் கொடுத்துவிடுவோம். அளவு எடுக்காமல் துணியில் கத்திரி வைப்பேனா? முதலில் கேளுங்கள்: "கடைசியா எந்தப் புத்தகத்தை முழுசா முடிச்சீங்க?" என்ன பிடிக்கும் என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லாரும் பெரிய பெயராகத்தான் சொல்வார்கள். முடித்தது எது என்று கேட்டால் உண்மை வரும். அடுத்தது, எப்போது படிப்பீர்கள் என்று கேளுங்கள். தீப்பெட்டி ஆபீஸ் வேலை முடிந்து வந்து, சோறு பொங்கிவிட்டு, பத்து மணிக்கு மேல் கால் மணி நேரம் கிடைக்கிற பெண்ணுக்கு ஒரு நாவல். பென்ஷன் வாங்குகிற பெரியவருக்கு வேறு நாவல்.

அந்தக் கால் மணி நேரக்காரிக்கு நான் 'பொன்னியின் செல்வன்' கொடுத்தேன். ஐந்து பாகத்தைப் பார்த்துவிட்டு, "இம்புட்டா?" என்று மலைத்தாள். அது 1950இல் தொடங்கி கல்கி பத்திரிகையில் வாரா வாரம் தொடராக வந்தது. அடுத்த வாரமும் ஆள் வாங்கிப் படிக்க வேண்டும் என்பதற்காக, சின்னச் சின்ன அத்தியாயமாக, ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு கொக்கி போட்டு எழுதியது. ராத்திரிக்கு ஒரு அத்தியாயம் என்று படிக்க அதைவிடத் தோதான புத்தகம் இல்லை. இதைச் சொல்லி முதல் பாகத்தை மட்டும் கொடுத்தேன். ஐந்தையும் முடிக்க அவளுக்கு ஏழு மாதம் ஆனது. பக்கத்தைப் பார்த்து மிரள்கிறவர்களுக்கு, எப்படிப் படிக்கலாம் என்பதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

வட்டார வழக்கு நாவலுக்கும் இதே கவனம் வேண்டும். கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' எங்களுக்குப் பக்கத்து ஊர் இடைசெவல்காரர் எழுதியது. இங்கே யாருக்கும் விளக்கம் தேவையில்லை. கோயம்புத்தூரில் இருக்கிற என் மதினிக்கு அனுப்பியபோது, "முதல் இருபது பக்கத்தை வாய்விட்டுப் படிங்க, கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரியும்" என்று சீட்டு எழுதி வைத்தேன். கி.ரா.வே கரிசல் வட்டாரச் சொற்களுக்கு ஓர் அகராதி போட்டிருக்கிறார் என்பதையும் எழுதினேன். அகராதி வாங்காமலே படித்து முடித்துவிட்டார்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் நான் ஒருவரை வேதனைப்படுத்தியிருக்கிறேன். ஒரு பெரியம்மா நல்ல நாவல் ஒன்று கேட்டார். அப்போது நான் படித்து உருகிக்கொண்டிருந்த ஒன்றைக் கொடுத்தேன். மூன்றாவது நாளே எதுவும் சொல்லாமல் திருப்பி வைத்துவிட்டுப் போனார். அந்த நாவலில் மகனைப் பறிகொடுத்த தாய் வருகிறாள். பெரியம்மா வீட்டிலும் ஆறு மாதத்துக்கு முன்பு அப்படி ஒரு சாவு நடந்திருந்தது, எனக்குத் தெரியாது. இப்போதெல்லாம் கொடுக்கும் முன்பே, "இதுல ஒரு சாவு இருக்கு, இப்ப படிக்கலாமா, அப்புறம் படிக்கிறீங்களா?" என்று கேட்டுவிடுகிறேன். கதையின் ஒரு முடிச்சு இதனால் அவிழ்ந்தாலும் பரவாயில்லை. கதையைவிட ஆள் முக்கியம்.

பிடிக்கவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். "வேஸ்ட்" என்று மட்டும் சொல்லாதீர்கள். நீங்கள் எதை எதிர்பார்த்துத் திறந்தீர்கள், அது எந்த இடத்தில் கிடைக்காமல் போனது என்று சொன்னால், கேட்பவர் தனக்கு அது பொருந்துமா என்று தானே முடிவு செய்துகொள்வார். தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' பற்றி என் கடையில் இரண்டு பேர் குரல் உயர்த்திப் பேசிக்கொண்டார்கள். அலங்காரம் என்கிற அந்த அம்மாவை ஒருவருக்குத் துளியும் பிடிக்கவில்லை. ஏன் என்று சொன்னால் பாதிக் கதை வெளியே வந்துவிடும், விடுகிறேன். நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான்: "அந்த அம்மாவைப் பிடிக்கலையா, நாவலைப் பிடிக்கலையா?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவளைத்தான்" என்றார். அவள் மேல் அவ்வளவு கோபம் வருகிற மாதிரி எழுதியிருக்கிறார் என்றால் நாவல் அவரைப் பிடித்துவிட்டது என்றுதான் அர்த்தம். 1966இல் வந்த நாவலுக்கு என் கடையில் இன்றைக்கும் சண்டை நடக்கிறது. உங்கள் கருத்தைச் சொல்லும் முன்பு இந்த ஒரு கேள்வியை உங்களையே கேட்டுப் பாருங்கள்.

கொடுத்த பிறகு சும்மா இருங்கள். "படிச்சாச்சா?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்டால் பாவம், நம்மைக் கண்டு எதிர்த்த பக்கம் நடந்துபோவார்கள். அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெயரும் தேதியும் மட்டும் எழுதி வைக்கிறேன். புத்தகம் திரும்பி வரும்போது நடுவில் எங்காவது பஸ் டிக்கெட் செருகியிருந்தால், அங்கே நிறுத்திவிட்டார் என்று தெரியும். "இந்த இடத்துல என்ன ஆச்சு?" என்று அப்போது கேட்கலாம். முழுசாக முடித்தவர்கள் சொல்வதைவிட, பாதியில் விட்டவர்கள் சொல்கிற காரணத்திலிருந்து நான் நிறையத் தெரிந்துகொள்கிறேன்.

இப்போது டேபிளில் இருப்பது ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'. தூத்துக்குடி உப்பளத்துக் கூலி ஆட்களின் கதை. 58ஆம் பக்கத்தில் இருக்கிறேன். வேகம் குறைவுதான், இன்னும் எனக்கு வசப்படவில்லை. ஆனால் உப்புத் தண்ணீரில் நின்று நின்று கால் வெடிக்கிற வேலையைப் படித்த அன்று ராத்திரி, ரசத்துக்கு உப்பு அள்ளிய கை ஒரு நிமிஷம் நின்றது. நிதானமாகப் படிக்கப் பிடிக்கும் என்பவர்கள் கேட்டால் தருவேன். தீபாவளித் தையல் நெருக்குகிறது, இன்னும் இரண்டு வாரமாவது எனக்கு வேண்டும்.