குழந்தைக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குக் கிளம்பலாமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபாவளிக்கு முந்தின இரண்டு நாளும் குழந்தைகள் மருத்துவர் வாசலில் உட்கார இடம் இருக்காது. வந்தவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒரே கேள்விதான்: "டாக்டர், ராத்திரி ரயிலு. கூட்டிட்டுப் போலாமா?" டிக்கெட் எடுத்து இரண்டு மாதம் ஆகிறது. ஊரில் பாட்டி பேரனைப் பார்த்து ஆறு மாதம் ஆகிறது. "போலாம்" என்ற பதிலை எதிர்பார்த்தேதான் கேட்கிறார்கள்.

முதல் குழந்தை வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். மாற்றுத் துணி, வெந்நீர் பிளாஸ்க் மறந்து போவதைப் பற்றி இங்கே பேசவில்லை. அவற்றை வழியில் வாங்கிக்கொள்ளலாம். போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும்போது, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் விஷயத்தில் நடக்கும் தவறுகள் மட்டும் கீழே.

காய்ச்சல் இறங்கியதைப் பார்த்துக் கிளம்புவது

மாலை ஆறு மணிக்கு 102 டிகிரி. பாராசிட்டமால் கொடுக்கிறார்கள். ஏழரைக்கு 99. குழந்தை சிரிக்கிறது, பிஸ்கட் கேட்கிறது. "விட்டுடுச்சு, கிளம்புங்க" என்று ஆட்டோ பிடிக்கிறார்கள். மருந்து காய்ச்சலை அமுக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். பாராசிட்டமால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் வேலை செய்ய ஆரம்பித்து, நாலு முதல் ஆறு மணி நேரம் தாங்கும். ஆறு மணிக்குக் கொடுத்தது பதினொன்று, பன்னிரண்டுக்குத் தீர்ந்துவிடும். அந்த நேரத்தில் பஸ் நெடுஞ்சாலையில் விளக்கை அணைத்துவிட்டு ஓடிக்கொண்டிருக்கும். குழந்தைக்கு உடம்பு தூக்கிப் போட ஆரம்பிக்கும்போது மருந்து எந்தப் பையில் இருக்கிறது என்றுகூட இருட்டில் தெரியாது.

முடிவெடுப்பதற்காகக் காய்ச்சல் பார்ப்பதானால், கடைசியாக மருந்து கொடுத்து ஆறு மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கு, மருந்தே இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்தால் கிளம்புவதைப் பற்றி யோசிக்கலாம்.

இது தவறின் பாதிதான். மீதிப் பாதிதான் இன்றும் கோபத்தைக் கிளப்புகிறது, ஏனென்றால் இதில் குழந்தைகள் செத்துப்போகிறார்கள். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்கிறது. டெங்கு ஏறும் மாதங்களும் அவைதான். தீபாவளி, அரையாண்டு விடுமுறை என்று எல்லாரும் ஊருக்குப் போவதும் அதே சமயத்தில்தான். டெங்குவில் மிக மோசமான கட்டம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. நோய் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் தானாக இறங்குகிற சமயத்தில் வருகிறது. ரத்தக் குழாய்களிலிருந்து நீர் வெளியே கசிந்து, ரத்தம் கெட்டியாகி, ரத்த அழுத்தம் சரிகிற கட்டம் அது. 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும்.

பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. திங்கட்கிழமை காய்ச்சல் தொடங்குகிறது. வியாழன் இரவு விட்டுவிடுகிறது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. வெள்ளிக்கிழமை குழந்தை சோர்ந்து கிடந்தாலும், "நாலு நாள் காய்ச்சல் அடிச்ச உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அன்று இரவு கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறுகிறார்கள். சனிக்கிழமை விடியும்போது குழந்தை வயிறு வலிக்கிறது என்று அழுகிறது, வாந்தி எடுக்கிறது, கை கால் சில்லிட்டிருக்கிறது. வந்து இறங்கிய ஊரிலோ, குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கும் மருத்துவமனை அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

மழைக்கால மாதங்களில் இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் அடித்தால் ரத்த அணுக்கள் எண்ணிக்கைப் பரிசோதனை செய்யாமல் கிளம்பாதீர்கள். முதல் ஐந்து நாளுக்குள் டெங்குவைக் கண்டறியும் என்.எஸ்.1 ரத்தப் பரிசோதனையும் செய்யலாம். ஆனால் அது 'இல்லை' என்று வந்தாலும் டெங்கு இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தட்டணுக்கள் (பிளேட்லெட்) எத்தனை என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். ஹெமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுகிறதா என்றும் கேளுங்கள். நீர் கசிவதைக் காட்டுவது அதுதான். டெங்கு உறுதியானாலோ சந்தேகம் இருந்தாலோ, காய்ச்சல் விட்டு முழுதாக 48 மணி நேரம் ஆகி, குழந்தை நன்றாகச் சாப்பிட்டு, சிறுநீர் கழித்து, தட்டணுக்களும் ஏறத் தொடங்கிய பிறகுதான் பயணம். விடாத வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், காரணம் தெரியாத சிடுசிடுப்பு, அளவுக்கு மீறிய தூக்கம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை: இவற்றில் ஒன்று இருந்தாலும் பயணப் பேச்சை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

இதிலேயே இன்னொன்று. பயணத்துக்காகக் காய்ச்சல் "சட்டுனு இறங்கணும்" என்று ஐபுபுரூஃபன், மெஃபெனமிக் அமிலம் கலந்த சிரப்பை மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிறார்கள். காய்ச்சல் வேகமாக இறங்கும், உண்மைதான். டெங்குவாக இருந்தால் இவை வயிற்றைப் புண்ணாக்கி, ரத்தக் கசிவைக் கூட்டும். மழைக்காலத்தில் பாராசிட்டமால் மட்டும் போதும்.

சொட்டு மருந்தையும் சிரப்பையும் ஒன்றாக நினைப்பது

பயண அவசரத்தில் மாறிப்போவது பெரும்பாலும் இதுதான். பாராசிட்டமால் மூன்று அடர்த்தியில் கிடைக்கிறது: சொட்டு மருந்தில் 1 மி.லி.க்கு 100 மி.கி., ஒரு வகை சிரப்பில் 5 மி.லி.க்கு 120 மி.கி., இன்னொன்றில் 5 மி.லி.க்கு 250 மி.கி. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. என்பது கணக்கு. 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. சொட்டு மருந்தில் அது ஒன்றரை மி.லி.; 120 சிரப்பில் ஏறக்குறைய ஆறு மி.லி.; 250 சிரப்பில் மூன்று மி.லி. வீட்டில் ஆறு மி.லி. கொடுத்துப் பழகியவர் ஊரில் சொட்டு மருந்து வாங்கி ஆறு மி.லி. கொடுத்தால் 600 மி.கி. போய்விடும், ஒரு நாள் முழுக்கக் கொடுக்கக்கூடிய உச்ச அளவு ஒரே வேளையில். வீட்டில் பயன்படுத்தும் பாட்டிலையே அளவுக் குழலோடு எடுத்துச் செல்லுங்கள். மூடியில் அந்தக் குழந்தைக்கான அளவை எழுதி ஒட்டுங்கள். இரண்டு வேளைக்கு நடுவே நாலு மணி நேரம் குறையக் கூடாது. ஒரு நாளில் நாலு தடவைக்கு மேல் கூடாது. கொடுத்த நேரத்தை செல்போனில் குறித்து வையுங்கள். பயணத்தில் அம்மா ஒரு தடவை, தெரியாமல் அப்பா ஒரு தடவை என்று கொடுத்துவிடுகிறார்கள்.

வயிற்றுப்போக்கோடு "கொஞ்சம்தானே" என்று ஏறுவது

வயிற்றுப்போக்கு மட்டும் இருந்து, குழந்தை குடிப்பது உள்ளே தங்கினால் பகலில் சிறு பயணம் சாத்தியம்தான். குடித்ததெல்லாம் வாந்தியாகிறது என்றால் கூடாது. இதைச் சோதிக்க நாலு மணி நேரம் போதும். ஓஆர்எஸ் கரைசலை ஒன்றிரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டுத் திரும்பவும் தொடங்குங்கள். நாலு மணி நேரத்தில் சிறுநீர் போய், கண்ணும் நாக்கும் ஈரமாக இருந்தால் நல்லது. இல்லையென்றால் டிக்கெட்டை ரத்து செய்யுங்கள்.

வழியில் நடக்கும் தவறு வேறு. ஒரு லிட்டர் பொட்டலத்தைப் பால் பாட்டிலில் "பாதி போட்டு" கலக்குகிறார்கள். உப்பு ஏறிய கரைசல் குழந்தைக்கு ஆபத்து. 200 மி.லி. தண்ணீரில் கலக்கும் சின்னப் பொட்டலங்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவை வயிற்றுப்போக்கு ஆன பிறகும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மி.லி., அதற்கு மேற்பட்டவர்களுக்கு 100 முதல் 200 மி.லி. கடையில் அட்டைப் பெட்டியில் வரும் இனிப்பான பழச்சுவை பானம் ஓஆர்எஸ் ஆகாது. அதிலுள்ள சர்க்கரை வயிற்றுப்போக்கைக் கூட்டும்.

மூச்சை எண்ணாமல் "சளிதான்" என்பது

குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் 50, ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணையோ அதற்கு மேலோ தொட்டால் சளி நெஞ்சுக்கு இறங்கியிருக்கலாம். மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தால் எண்ணவே வேண்டாம், மருத்துவமனைக்குப் போங்கள்.

இப்படி மூச்சு வாங்கும் குழந்தையை ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ கூட்டிப்போகாதீர்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். விமானத்துக்குள்ளும் காற்றழுத்தம் ஏறக்குறைய அந்த உயரத்துக்கு இறங்கலாம். அங்கே நலமான குழந்தைக்கே ரத்தத்தில் ஆக்சிஜன் சற்றுக் குறையும். காதுவலி இருந்தாலும் மருத்துவர் காதைப் பார்க்காமல் விமானம் வேண்டாம். விமானம் இறங்கும்போதுதான் வலி கடுமையாகும். அப்போது பால் குடித்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் தேவலை.

மூன்று மாதத்துக்குள் குழந்தை, 100.4 டிகிரி

எந்தப் பயணமும் இல்லை. அந்த மணியே மருத்துவமனை.

தூங்கட்டும் என்று மருந்து கொடுப்பது

பஸ்ஸில் வாந்தி எடுக்காமல் தூங்கட்டும் என்று பெரியவர்களுக்கான பயண மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கிறார்கள். அதில் புரோமெத்தசின் இருந்தால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மூச்சே அடங்கிவிடலாம். சளி, இருமல் சிரப்பும் அப்படித்தான்: குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின் கலவையை நாலு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை உத்தரவிட்டது. தவிர, மருந்தால் மயங்கிக் கிடக்கும் குழந்தையிடம் நோய் முற்றுவது கண்ணுக்குத் தெரியாது.

முன்பு வலிப்பு வந்த குழந்தையைக் காய்ச்சலின் முதல் நாளிலேயே கூட்டிப்போவது

காய்ச்சல் வலிப்பு ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் வரும். ஒரு தடவை வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் திரும்ப வரும். பெரும்பாலும் காய்ச்சல் தொடங்கிய முதல் நாளிலேயே வந்துவிடும். அன்று இரவுப் பயணம் வேண்டாம். வழியில் வந்துவிட்டால் பக்கவாட்டில் படுக்க வையுங்கள், நேரத்தைப் பாருங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதால் எந்தப் பயனும் இல்லை. ஐந்து நிமிடம் தாண்டினால் 108. ரயிலில் இருந்தால் ரயில்வே உதவி எண் 139.

அம்மை போட்ட குழந்தையை விசேஷ வீட்டுக்குக் கூட்டிப்போவது

சின்னம்மைக் கொப்புளம் எல்லாம் பக்கு கட்டும் வரை கூடாது; வளைகாப்பு வீடு என்றால் நினைத்தே பார்க்காதீர்கள், கர்ப்பிணிக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் அது ஆபத்து.

போனால் எல்லாரும், இல்லையேல் யாரும் இல்லை

டிக்கெட் பணம் மொத்தமும் போய்விடுமே என்ற பயம்தான் பல தவறான முடிவுகளுக்குக் காரணம். புறப்படும் நேரம் நெருங்க நெருங்க ரத்துக் கட்டணம் ஏறும் என்பதால், முந்தின நாள் காலையிலேயே குழந்தையைப் பார்த்து முடிவெடுத்துவிடுங்கள். குடும்பம் மொத்தமும் நிற்க வேண்டியதில்லை. ஒருவர் பெரிய பிள்ளையோடு கிளம்பட்டும், இன்னொருவர் சின்னதோடு வீட்டில் இருக்கட்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனி இருக்கை கேட்கவில்லை என்றால் ரயிலில் டிக்கெட்டே கிடையாது. ரத்து செய்ய வேண்டியது கூட இருக்கும் பெரியவருடையது மட்டும்தான். குழந்தை தேறியபின் இரண்டு நாள் கழித்துப் பகல் ரயிலில் போகலாம். அப்படிப் போகும்போது மருந்துச் சீட்டையும் ரத்தப் பரிசோதனை முடிவையும் பையில் வையுங்கள். போகும் ஊரில் குழந்தைகள் மருத்துவர் யார், பண்டிகை நாளில் இருப்பாரா என்று மாமாவையோ சித்தியையோ முதல் நாளே விசாரித்து வைக்கச் சொல்லுங்கள்.