யானைப் படம் போட்டால் யானை டெக் ஆகிவிடாது

ராயக்கோட்டைப் பக்கம் ராகி முற்றும் காலத்தில் டீக்கடையில் முதல் விசாரிப்பே “ராத்திரி யானை வந்துச்சா?” என்பதுதான். கர்நாடகத்துப் பன்னர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை வழியாக வருஷா வருஷம் இறங்கி வரும் கூட்டம் அது. அதைக் கேட்டே வளர்ந்தவன் ‘மேஜிக்: த கேதரிங்’ என்ற கார்டு விளையாட்டை ஆடத் தொடங்கினால் முதலில் என்ன டெக் (ஆடுவதற்குத் தேர்ந்து அடுக்கும் கார்டுக் கட்டு) கட்டுவான்? யானை டெக்தான். கையில் கிடைத்த, யானைப் படம் போட்ட கார்டு அத்தனையையும் நானும் அடுக்கினேன். மேஜையில் பரப்பி வைத்தால் அவ்வளவு அழகு. மூன்று மாதம் ஆடி ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. தோற்றால் போகிறது என்று விடலாம். பெரும்பாலான ஆட்டத்தில் நான் எதையும் செய்யவே இல்லை, அதுதான் கஷ்டம்.

அதன் பிறகு நானும் கட்டி, காவேரிப்பட்டணத்தில் ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் கூடும் நண்பர்கள் கட்டுவதையும் பார்த்ததில், எல்லோரும் சறுக்கும் இடங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல் சிக்கல். ஒரு டெக் எதைப் பற்றியது என்பதை ஆங்கிலத்தில் ‘தீம்’ என்கிறார்கள். அதோடு ஐ உருபைச் சேர்த்தால் ‘தீமை’ ஆகிவிடுகிறது. தீமையைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்று எழுத எனக்கு விருப்பமில்லை. ‘கரு’ என்றே சொல்கிறேன்.

நாங்கள் ஆடுவது மேஜிக்கில் ‘கமாண்டர்’ என்ற வகை. ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்கி 1993இல் வெளிவந்த ஆட்டம் மேஜிக். கமாண்டர் வகையில் மொத்தம் 100 கார்டு: தலைவர் ஒருவர், மிச்சம் 99. அடிப்படை லேண்ட் (மானா தரும் நிலக் கார்டு; மற்ற கார்டுகளை இறக்கக் கொடுக்கும் விலைதான் மானா) தவிர எதுவும் இரண்டு தடவை வரக்கூடாது. தலைவரின் கார்டில் என்ன நிறங்கள் இருக்கின்றனவோ அவற்றைத் தாண்டியும் போகக்கூடாது. பெரும்பாலும் நான்கு பேர், ஆளுக்கு 40 உயிர்.

பெயர்ச்சொல்லில் நின்றுவிடுவது

யானை டெக்குக்கு நான் வைத்த தலைவர் ‘ஹம்சா, கார்டியன் ஆஃப் அராஷின்’. யானை, பச்சையும் வெள்ளையும், வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். கார்டில் எழுதியிருப்பதைப் பிறகுதான் நிதானமாகப் படித்தேன். நம் பக்கத்தில் பிளஸ் ஒன் கவுண்டர் (பலத்தை ஒன்று கூட்டும் அடையாளம்) வைத்திருக்கும் ஒவ்வொரு உயிரினத்துக்கும் ஹம்சாவின் விலை ஒன்று குறையும். மற்ற உயிரினங்களின் விலையும் அதே கணக்கில் குறையும். கவுண்டர் இல்லையென்றால் அவர் ஆறு மானா கொடுத்து இறக்கும் சாதாரண 5/5 (தாக்கும் பலம் ஐந்து, தாங்கும் பலம் ஐந்து). என் டெக்கில் கவுண்டர் வைக்கும் கார்டு மொத்தமே நான்கு. தலைவர் சொல்வது ஒன்று, படை செய்வது வேறு.

இங்கேதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ‘யானை’ என்பது பெயர்ச்சொல். பெயர்ச்சொல்லை வைத்து ஆல்பம் ஒட்டலாம், டெக் கட்ட முடியாது. டெக்குக்கு வினைச்சொல் வேண்டும். யானை என்ன செய்யும்? கூட்டம் சேரும், வேலியை மிதிக்கும், தின்று பெருக்கும். ‘பெருத்தல்’ என்று கருவை வைத்துக்கொண்டால் கவுண்டர் வைக்கும் கார்டுகள் தாமாக உள்ளே வருகின்றன, படத்தில் யானை இல்லாவிட்டாலும். ஹம்சாவும் மூன்றாவது நான்காவது சுற்றிலேயே இறங்கிவிடுகிறார். நான் செய்தது அதுதான்: இருபது யானையை வெளியே எடுத்தேன். டெக் அப்போதுதான் யானைக் கூட்டம் மாதிரி நடந்துகொண்டது.

இன்னொரு சின்ன சந்தோஷம். எதிராளியின் பொருளை அழிக்க ‘ஜெனரஸ் கிஃப்ட்’ என்று ஒரு வெள்ளைக் கார்டு உண்டு. எந்தப் பொருளானாலும் அழித்துவிடும். பறிகொடுத்தவருக்கு ஈடாக ஒரு 3/3 யானை டோக்கன் (டெக்கில் இல்லாமல் களத்தில் புதிதாக வைக்கும் உயிரினம்) கிடைக்கும். சோலார் வேலியைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் யானையை நிறுத்திவிட்டுப் போகிற மாதிரி. எங்கள் ஊர்க்காரர்கள் எவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

99 இடமும் கருவுக்கே என்று நினைப்பது

பெரும்பாலான டெக் இங்கேதான் சாகிறது. கணக்கு போட்டுப் பாருங்கள். 99இல் லேண்ட் 37 போனால் 62. மானா கூட்டித் தருபவை 10, கார்டு இழுத்துத் தருபவை 10, எதிராளியின் பொருளை அகற்றுபவை 10. மிச்சம் 32. கருவுக்கு உண்மையில் உள்ள இடம் இவ்வளவுதான். ஆனால் ஆசை 60 கார்டுக்கு இருக்கும். உடனே கை போவது லேண்ட் பக்கம்: “ஏழு லேண்ட் குறைச்சா என்ன ஆயிடும்?”

இதுதான் ஆகும். 37 லேண்ட் இருந்தால், முதலில் எடுக்கும் ஏழு கார்டில் ஒரு லேண்டோ, அதுவும் இல்லாமலோ வர வாய்ப்பு 19 சதவீதம். ஐந்து கைக்கு ஒன்று. அதை 30 ஆக்கினால் 31 சதவீதம். கிட்டத்தட்ட மூன்று கைக்கு ஒன்று. போர்வெல்லில் தண்ணீர் வருமா என்று பார்க்காமல் ஐந்து ஏக்கருக்கு நாற்று வாங்கி வைப்பது போலத்தான் இது. யானை மாதிரியான கருவில் நிலைமை இன்னும் மோசம், ஏனென்றால் உருவம் பெரியது எல்லாம் விலையும் பெரியது. ‘டெராஸ்டடான்’ என்ற 9/9 யானைக்கு எட்டு மானா. அது மாதிரி ஒன்றிரண்டு போதும். என் முதல் டெக்கில் ஆறு மானாவுக்கு மேல் பதினான்கு இருந்தன. நான்கு சுற்று வரை லேண்டை வைத்துவிட்டு “பாஸ், பாஸ்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஓசூரிலிருந்து வரும் நண்பர் பொறுக்கமுடியாமல், “அண்ணா, நீங்க டீ போட்டுட்டு வாங்க, உங்க டர்ன் வந்தா கூப்பிடறோம்” என்றார்.

இதே கணக்கில் இன்னொன்று. “இந்த ஒரு கார்டு வந்தால் டெக் ஓடும்” என்று நம்பிக் கட்டுவது. நூறில் ஒன்றே ஒன்று இருக்கும் கார்டு, முதல் பத்து கார்டுக்குள் கைக்கு வர வாய்ப்பு பத்து சதவீதம். ஒரே வேலையைச் செய்யும் பத்து கார்டு இருந்தால் அவற்றில் ஒன்றாவது வர வாய்ப்பு 67. ஆகவே கார்டை எண்ணாதீர்கள், வேலையை எண்ணுங்கள்.

இரண்டு கதையை ஒரே டெக்கில் திணிப்பது

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நடுகல் பார்க்காமல் வளர முடியாது. மாட்டு மந்தையை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு நட்ட கல். கையில் வில், சிலவற்றில் பக்கத்தில் வட்டெழுத்து. தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கின்றன. என் இரண்டாவது டெக் அதுதான். தலைவர் ‘க்வின்டோரியஸ், ஃபீல்டு ஹிஸ்டோரியன்’. இவரும் யானைதான், ஆனால் வரலாற்று ஆய்வாளர். நம் கல்லறையிலிருந்து (செத்த, ஆடி முடிந்த கார்டுகள் போய்ச் சேரும் குவியல்) கார்டு எப்போது வெளியேறினாலும் ஒரு 3/2 ஆவி எழுந்து நிற்கும். செத்தவர்களைத் தோண்டிப் படிக்கப் படிக்க வீரன் எழுகிறான். நடுகல்லுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு கார்டை நானே வரைந்திருந்தாலும் வந்திருக்காது.

அப்புறம் ஆசை விடவில்லை. வெட்சி என்றால் ஆநிரை கவர்வது, கரந்தை என்றால் மீட்பது. இரண்டையும் ஆடிக் காட்டலாமே என்று, எதிராளியின் உயிரினத்தைக் கவரும் சிவப்புக் கார்டுகளையும் சேர்த்தேன். ‘ஆக்ட் ஆஃப் ட்ரீசன்’ மாதிரியானவை. கேட்கப் பிரமாதம். ஆனால் அந்தக் கார்டு கவர்ந்த மாட்டை அந்தச் சுற்றின் முடிவில் திருப்பிக் கொடுத்துவிடும்! அது பயன்பட வேண்டுமானால் கவர்ந்ததை உடனே பலி கொடுக்க வேறு பத்து கார்டு வேண்டும். இருக்கும் 32 இடத்தில் வெட்சிக்குப் பாதி, நடுகல்லுக்குப் பாதி என்று பிரிந்து, ஒரு கை எடுத்தால் கவரும் கார்டு இருக்கும், பலி கொடுக்க வழி இருக்காது. இன்னொரு கையில் கல்லறையிலிருந்து எடுக்கும் கார்டு இருக்கும், கல்லறை காலியாக இருக்கும்.

வெட்சியை முழுக்க வெளியேற்றினேன். கல்லறைக்கு அனுப்புவது, அங்கிருந்து எடுப்பது என்று இரண்டே வேலை. இங்கே பாருங்கள், ‘ஃபெய்த்லெஸ் லூட்டிங்’ என்று ஒரு மானா கார்டு. இரண்டு கார்டு எடுத்து, கையிலிருந்து இரண்டைக் கல்லறைக்குத் தள்ளும். பிறகு மூன்று மானா கொடுத்து அதையே கல்லறையிலிருந்து மறுபடி ஆடலாம். அப்படி ஆடும்போது அந்தக் கார்டே கல்லறையை விட்டு வெளியேறுகிறதல்லவா, உடனே ஒரு ஆவி எழும். கார்டு இழுக்கும் கணக்கிலும் வருகிறது, கருவிலும் வருகிறது. ‘செவின்ஸ் ரெக்லமேஷன்’ இதே ஜாதி: விலை குறைந்த பொருளை உயிர்ப்பிக்கும், பிறகு தானும் கல்லறையிலிருந்து இன்னொரு தடவை வரும். இப்படி இரட்டை வேலை செய்பவை கிடைத்தால் 32 என்பது 40, 45 இடம் மாதிரி விரிகிறது. தேடுவதற்கு நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான்.

ஒரு எச்சரிக்கை. ‘ரெஸ்ட் இன் பீஸ்’ என்ற இரண்டு மானா கார்டு எல்லோர் கல்லறையையும் துடைத்து, இனிமேல் அங்கே எதுவும் போகாமலும் செய்துவிடும். முழுக்கக் கல்லறையையே நம்பினால் அதோடு கதை முடிந்தது. அந்த மாதிரிப் பொருளை உடைக்க இரண்டு மூன்று கார்டாவது வையுங்கள், நடுகல்லுக்குச் சம்பந்தமில்லை என்றாலும்.

ஒகேனக்கல் மீன்

மேஜிக் மட்டும் இல்லை. பென்னாகரத்தில் இருக்கும் என் அக்கா மகன் போக்கிமான் கார்டு விளையாட்டு ஆடுகிறான். அவனுடைய கரு ஒகேனக்கல். தண்ணீர், மீன், அருவி. மேஜிகார்ப் நான்கு, அது வளர்ந்து ஆகும் க்யாரடாஸ் நான்கு, மிச்சமெல்லாம் நீர் எனர்ஜியும் (தாக்குவதற்குச் சக்தி தருவது) ட்ரெயினர் கார்டும் (உதவிக் கார்டு). போக்கிமானில் டெக் சரியாக 60 கார்டு. ஒரே பெயரில் நான்குக்கு மேல் கூடாது, அடிப்படை எனர்ஜிக்கு மட்டும் விலக்கு. விதிப்படி டெக் சரி. ஆனால் முதல் ஏழு கார்டில் பேசிக் போக்கிமான் (வேறொன்றிலிருந்து வளராமல் நேராக இறக்கக்கூடியது, மேஜிகார்ப் மாதிரி) ஒன்றாவது இருந்தால்தான் ஆட்டமே தொடங்கும். 60இல் நான்கே பேசிக் என்றால் 60 சதவீதக் கையில் அது இருக்காது. காட்டிவிட்டுத் திரும்பக் கலைக்க வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் எதிராளி ஒரு கார்டு கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். பையன் நான்கு தடவை கலைத்ததை நானே பார்த்தேன். அதற்குப் பிறகு தனியாக வந்த மேஜிகார்ப் இரண்டாவது சுற்றில் அடிபட்டது. களத்தில் வேறு போக்கிமான் இல்லை, ஆட்டம் முடிந்தது.

“மாமா, ஒகேனக்கல்ல மீன் மட்டும்தானே இருக்கு?” என்றான்.

“பரிசல் இல்லையாடா?”

லாப்ரஸ் என்று ஒரு போக்கிமான், ஆளை முதுகில் ஏற்றித் தண்ணீரைக் கடக்க வைக்கும். அது பேசிக். பரிசல் வந்தது, அதோடு இன்னும் சில பேசிக் மீன்களும் சேர்ந்து மொத்தம் 12 ஆனது. கலைக்க வேண்டிய வாய்ப்பு 60இலிருந்து 19க்கு இறங்கியது. கரு கெடவில்லை, இன்னும் ஒகேனக்கல் மாதிரிதான் ஆனது.

வாங்குவதிலும் அச்சடிப்பதிலும்

கரு முடிவானதும் பூஸ்டர் பாக்கெட்டாக (உள்ளே எந்தக் கார்டு என்று தெரியாத பாக்கெட்) வாங்கிக் குவிக்காதீர்கள். அது அதிர்ஷ்டச் சீட்டு. பட்டியல் எழுதி, தனிக் கார்டாக வாங்குவதுதான் மலிவு. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு சுமார் 90 கிலோமீட்டர்தான். யாராவது போகும்போது சொல்லிவிடலாம். பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஃபேன்ஸி ஸ்டோர்களில் தொங்கும் தங்க நிற பிளாஸ்டிக் போக்கிமான் கார்டு வேடிக்கைக்குச் சரி, டெக்குக்கு ஆகாது. தடிமனும் பின்பக்கமும் வேறாக இருப்பதால் கார்டுக் கட்டுக்குள் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

கூட ஆடுபவர்களிடம் டெக்கின் பலத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கமாண்டருக்கு 2025 பிப்ரவரியில் ஐந்து படிகளாக ஒரு பிரிவுமுறையை சோதனையாக அறிவித்தார்கள். படி எண் நினைவில்லாவிட்டாலும், “இது கதைக்காகக் கட்டினது, மெதுவாத்தான் ஓடும்” என்று ஒரு வார்த்தை போதும்.

கடைசியாக என் சொந்த முட்டாள்தனம். நடுகல் டெக்கை ஒரு தடவைகூட ஆடிப் பார்க்காமல், ஒவ்வொரு கார்டுக்கும் தமிழில் பெயர் வைத்து, நானே எடுத்த நடுகல் போட்டோக்களோடு கலரில் பிரிண்ட் போட்டு, வெட்டி, ஸ்லீவுக்குள் (கார்டுக்குப் போடும் உறை) கார்டின் முன்னால் செருகினேன். வீட்டு ஆட்டத்துக்குத்தான், அதிகாரப்பூர்வப் போட்டிகளில் இதெல்லாம் செல்லாது. வெட்சியை வெளியேற்றியபோது அதோடு அந்தச் சீட்டெல்லாம் குப்பைக்குப் போனது. இப்போது வெறும் ஏழு கார்டு எடுத்து, தனியாக ஆறு சுற்று ஓட்டிப் பார்ப்பதைப் பத்து தடவை செய்கிறேன். மாற்றம் வந்தால் துண்டுக் காகிதத்தில் பென்சிலால் பெயர் எழுதிச் செருகுகிறேன். ஜெராக்ஸ் கடைக்காரர் போன வாரம் வழியில் பார்த்து, “அந்தக் கல்லு படமெல்லாம் இப்ப போடறதில்லையா சார்?” என்று கேட்டார். இன்னும் பதினோரு கார்டு முடிவாகவில்லை என்றேன்.