பழைய ஹைபிரிட் பற்றரியை வீட்டில் திருத்துபவர்கள் விடும் தவறுகள்

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த அக்குவா, அக்சியோ, பிரியஸ் ஹைபிரிட் கார்களை வைத்தே பலர் காலத்தை ஓட்ட வேண்டியிருந்தது. 2025இல் இறக்குமதி திரும்பத் தொடங்கினாலும், புதிய விலையைக் கேட்டவர்கள் பழைய காரை விடுவதாக இல்லை. அதனால் பின் சீட்டைக் கழற்றி, பற்றரியைத் தாங்களே திருத்தப் பார்ப்பவர்கள் கூடிவிட்டார்கள். பொறுமையும் ஒழுங்கும் இருந்தால் வீட்டில் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லோரும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

இங்கே சொல்வது ரொயோட்டாவின் நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் பற்றரிக்கு மட்டும். இரண்டாம், மூன்றாம் தலைமுறை பிரியஸில் 28 மொடியூல், 201.6 வோல்ற். அக்குவாவிலும் அக்சியோ ஹைபிரிட்டிலும் 20 மொடியூல், 144 வோல்ற். ஒரு மொடியூலுக்குள் 6 செல், 7.2 வோல்ற், புதிதாக இருக்கும்போது 6.5 அம்பியர் மணி. ஹொண்டா வெசலிலும் 2013க்குப் பிறகு வந்த ஃபிட் ஹைபிரிட்டிலும் இருப்பது லிதியம். அதற்கு இந்த முறை எதுவும் பொருந்தாது, வீட்டில் கை வைக்கவும் வேண்டாம்.

12 வோல்ற் பற்றரியைப் பார்க்காமல் பெரியதைத் திறப்பது

முதலில் சின்னதைச் சோதியுங்கள். அது சோர்ந்திருந்தாலே டாஷ்போர்டில் பாதி விளக்குகள் எரியும்.

காற்று வழியை மறப்பது

பற்றரிக்குக் காற்று போவது பின் சீட்டுப் பக்கமாக இருக்கும் ஒரு வாயால். அதன் மேல் பையையும் துவாயையும் போட்டு மூடி வைத்திருப்பார்கள். உள்ளே இருக்கும் விசிறியின் இதழ்களுக்கு இடையில் பஞ்சும் தூசியும் நாய் முடியும் கம்பளி போலப் படிந்திருக்கும். விசிறி சுற்றும் சத்தம் கேட்கும், காற்று மட்டும் போகாது. விசிறியைக் கழற்றி, பழைய பல் துலக்கும் பிரஷால் ஒவ்வோர் இதழாகத் தேய்த்துத் துப்புரவாக்குங்கள். யாழ்ப்பாணத்து வெயிலில் ஓடும் காருக்கு இதை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை செய்தாலும் மிகையில்லை. பற்றரி வெப்பத்தால் கெட்டிருந்தால், விசிறியை அப்படியே விட்டுவிட்டு மொடியூலை மாற்றுவது வீண் செலவு. நடுவில் இருக்கும் மொடியூல்கள்தான் கூடச் சூடாகின்றன. பெரும்பாலும் முதலில் சாவதும் அவைதான்.

சேர்விஸ் பிளக்கைக் கழற்றினால் கரண்ட் போய்விட்டது என்று நம்புவது

செம்மஞ்சள் நிறப் பிளக்கை இழுத்ததும் பற்றரி இரண்டு துண்டாகப் பிரிகிறது, அவ்வளவுதான். பிரியஸில் பெரிய துண்டில் அப்போதும் 100 வோல்ற்றுக்கு மேல் இருக்கும். அது நேர் மின்னோட்டம். உயிரையே எடுக்கக்கூடியது.

ஒழுங்கு இதுதான். பிரியஸ் என்றால் முதலில் பின் கதவைத் திறந்து வையுங்கள். 12 வோல்ற்றைக் கழற்றிய பிறகு அந்தக் கதவின் பூட்டு வேலை செய்யாது. சாவியைத் தூரத்தில் வையுங்கள். 12 வோல்ற்றின் மறை முனையைக் கழற்றுங்கள். 1000 வோல்ற் தாங்கும் றப்பர் கையுறையோடு சேர்விஸ் பிளக்கை எடுத்து உங்கள் பொக்கற்றில் போடுங்கள். இன்வேட்டருக்குள் மின்னைத் தேக்கி வைத்திருக்கும் கொள்ளளவிகள் இறங்கப் பத்து நிமிடம் காத்திருங்கள். மோதிரம், சங்கிலி, கைக்கடிகாரம் எல்லாம் வீட்டுக்குள் போகட்டும். பக்கத்தில் இன்னொருவர் நிற்க வேண்டும்.

பெட்டியைத் திறந்ததும் மொடியூல்களை இணைக்கும் செப்புத் தகடுகளை, அதாவது பஸ்பார்களை, ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் முதலில் கழற்றுங்கள். மறு பக்கத்தில் மொடியூல்கள் இரண்டு இரண்டாகத்தான் இணைந்திருக்கும். எங்கே தொட்டாலும் 16 வோல்ற்றுக்கு மேல் வராது. இரண்டு பக்கமும் மாறி மாறிக் கழற்றுபவர்கள் அந்த வேலை முழுவதையும் ஆபத்தான வோல்ற்றளவில் செய்கிறார்கள்.

ஒரு மொடியூலை மட்டும் மாற்றி மூடுவது

காசையும் நேரத்தையும் தின்னும் பெரிய தவறு இதுதான். எத்தனை தடவை சொன்னாலும் திரும்பவும் இதே கோலத்தில் கார்கள் வந்து நிற்பதைப் பார்க்க ஆத்திரமாக இருக்கிறது.

நடப்பது இப்படி. பற்றரியில் பிழை என்று கார் சொல்லும் பி0ஏ80 என்ற கோட் வருகிறது. கூடவே இரண்டாம் தலைமுறை பிரியஸில் பி3015 என்று வந்தால் ஐந்தாவது புளொக், அதாவது 9ஆம், 10ஆம் மொடியூல்கள். மல்ரிமீற்றரை வைத்தால் மற்றவை எல்லாம் 7.8 காட்ட, ஒன்று மட்டும் 6.6 காட்டுகிறது. ஒரு செல் செத்துவிட்டது என்பது சரியான முடிவு. அதற்குப் பிறகுதான் பிழை தொடங்குகிறது. கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் பாவித்த மொடியூல் ஒன்றை வாங்கி, 7.8 காட்டுகிறது என்று பார்த்துப் பூட்டி, கோட்டை அழித்து, கார் ஓடுவதைக் கண்டு சந்தோஷப்படுகிறார்கள். சில மாதத்தில் வேறொரு மொடியூல் போகிறது. பிறகு இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் சீட்டைக் கழற்றி, பெட்டியை இறக்கி, திரும்ப ஏற்றி, அரை நாள் மினக்கெட வேண்டியிருக்கிறது.

மொடியூல்கள் தொடராக இணைந்திருப்பதால் எல்லாவற்றுக்குள்ளும் ஒரே மின்னோட்டம்தான் போகிறது. கார் பாவிப்பது ஏறத்தாழ 40 முதல் 80 சதவீதம் வரையான பகுதியை. 6.5 அம்பியர் மணியில் அது 2.6. ஆறு அம்பியர் மணி மிஞ்சியிருக்கும் மொடியூலுக்கு இது சும்மா நடை. மூன்றாகத் தேய்ந்துபோன மொடியூலுக்கோ ஒவ்வொரு தடவையும் அடிமட்டம் வரை இறங்கி உச்சி வரை ஏறும் வேலை. இந்தப் பற்றரியில் செல்களைத் தாமாகச் சமப்படுத்தும் சுற்று எதுவும் இல்லை. வேறு சார்ஜ் நிலையில் ஒரு மொடியூலைப் பூட்டினால் அந்த வித்தியாசம் அப்படியே நின்று, மெலிந்ததை இன்னும் வேகமாகக் கொல்லும். செத்தது ஒன்று என்றாலும் மற்ற 27உம் அதே வெப்பத்தில், அதே வருடங்கள் உழைத்தவை. அது முந்திக்கொண்டது, அவ்வளவே.

ஓய்வில் எடுக்கும் வோல்ற்றளவை நம்ப வேண்டாம். நிக்கல் பற்றரியின் வோல்ற்றளவு நடுப்பகுதியில் கிட்டத்தட்ட அசையாமல் கிடக்கும். இரண்டு அம்பியர் மணி மொடியூலும் ஆறு அம்பியர் மணி மொடியூலும் ஒரே 7.8ஐக் காட்டும். கடையில் மீற்றரை வைத்துக் காட்டுவது எதையும் நிரூபிக்காது. வாங்கப் போகும்போது 55 வாட் ஹெட்லைற் பல்ப் ஒன்றில் வயர் பிடித்துக் கொண்டுபோங்கள். மொடியூலில் கொடுத்தால் ஏறத்தாழ 3.5 அம்பியர் இழுக்கும். இரண்டு நிமிடம் எரியவிட்டு மீற்றரைப் பாருங்கள். உங்கள் பெட்டியின் நல்ல மொடியூல் ஒன்றை முன்கூட்டியே இப்படிச் சோதித்து வைத்திருந்தால் அதுவே அளவுகோல். அதைவிட வேகமாகச் சரிவதை வைத்துவிட்டு வாருங்கள். திடீரென்று 1.2 வோல்ற் குறைந்தால் உள்ளே ஒரு செல் போய்விட்டது.

செய்ய வேண்டியது, முழுப் பெட்டியையும் சோதிப்பது. ஒவ்வொரு மொடியூலுக்கும் இலக்கம் ஒட்டுங்கள். 6 செல் நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் என்று அமைக்கக்கூடிய, ரிமோட்டில் ஓட்டும் விளையாட்டுக் கார்களுக்குப் பாவிக்கும் சார்ஜர் போதும். 5 அம்பியரில் ஏற்றி, 6.0 வோல்ற் வரை இறக்கி, மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இறக்கும்போது வந்த மில்லி அம்பியர் மணியை மொடியூலின் மேலேயே எழுதுங்கள். இரண்டாம், மூன்றாம் சுற்றில் பல மொடியூல்கள் கொஞ்சம் தேறும். மூன்று சுற்றுக்குப் பிறகும் 4000ஐத் தொடாததை ஒதுக்குங்கள். மிஞ்சியவற்றை முழுதாக ஏற்றி, ஒரு கிழமை சும்மா வைத்துத் திரும்ப அளந்து பாருங்கள். தானாக வடிபவை அப்போதுதான் பிடிபடும்.

மலிவான சார்ஜர்கள் இறக்குவது வெறும் 5 வாட்டில். ஒரு மொடியூலுக்கு ஒன்பது மணி நேரம் போகும். 28 மொடியூலுக்கு மூன்று சுற்று என்றால் ஒரு சார்ஜரால் மாதம் ஒன்றுக்கு மேல். நான்கு வாய் உள்ள சார்ஜர் வாங்குங்கள், அல்லது 21 வாட் சிக்னல் பல்பால் இறக்குங்கள். ஆனால் 6.0 வோல்ற்றில் தானாக வெட்டும் சிறு பலகை ஒன்று இல்லாமல் பல்பை விட்டுவிட்டுப் போக வேண்டாம். அதற்குக் கீழே இறங்கினால் மெலிந்த செல் தலைகீழாக ஏறத் தொடங்கி, அதோடு முடிந்துவிடும்.

திரும்பப் பூட்டும்போது கூடக் கொள்ளளவு உள்ளவை நடுவில், மெலிந்தவை ஓரங்களில். ஒரே புளொக்கில் பெரியதும் சிறியதுமாகச் சோடி சேர்த்தால் புளொக்குகளுக்கு இடையில் வித்தியாசம் குறையும். பூட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் நிறைய ஏற்றி, 0.1 வோல்ற் வித்தியாசத்துக்குள் வந்த பிறகு, நேர் முனைகளை ஒன்றாகவும் மறை முனைகளை ஒன்றாகவும் சமாந்தரமாக இணைத்து ஒரு நாள் விடுங்கள். வித்தியாசம் பெரிதாக இருக்கும்போது இணைத்தால் வயர் பழுக்கும்.

28இல் ஏழெட்டு 4000ஐத் தொடவில்லை என்றால் அதோடு நிறுத்துங்கள். தேய்ந்த மின்வாய் எந்தச் சுற்றாலும் திரும்பாது. அந்த நிலையில் முழுத் தொகுதியாகப் புதிதாக வாங்குவதுதான் மலிவு. புதிய மொடியூல் சிலவற்றைப் பழையவற்றோடு கலப்பதும் கூடாது. அகத்தடை பொருந்தாது.

கட்டாமல் சார்ஜ் ஏற்றுவது

இந்த மொடியூல்களின் பிளாஸ்ரிக் உறை மெல்லியது. ஏற்றும்போது உள்ளே அழுத்தம் கூடும். பெட்டிக்குள் இரண்டு முனைத் தட்டுகள் அவற்றை நெருக்கிப் பிடிப்பது அதற்காகத்தான். மேசையில் தனியாக வைத்து 5 அம்பியர் கொடுத்தால் வயிறு உப்பி நிற்கும், பிறகு பெட்டிக்குள் போகாது. இரண்டு தடித்த பலகைக்கு இடையில் கிளாம்ப் போட்டு இறுக்கி, மேசை விசிறியை நேரே வைத்து ஏற்றுங்கள். நிறைந்ததும் வோல்ற்றளவு சற்றே இறங்குவதைப் பார்த்துத்தான் சார்ஜர் நிற்கிறது. சூட்டில் அந்த இறக்கம் மங்கிவிடும். எனவே 7500 மில்லி அம்பியர் மணியில் கட்டாயம் நிற்கும்படி அமைத்துவிடுங்கள். உறை 45 பாகையைத் தாண்டினால் உடனே நிறுத்துங்கள்.

பஸ்பாரை அப்படியே திரும்பப் பூட்டுவது

செப்பில் பச்சையும் கறுப்பும் பிடித்திருந்தால் நல்ல மொடியூலையும் கார் கெட்டது என்று சொல்லும். விநாகிரியில் ஊறவைத்து, அப்பச்சோடாத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவிடுங்கள். வோல்ற்றளவை எடுத்துச் செல்லும் மெல்லிய வயர்களின் முனைகளையும் பாருங்கள். பலர் அதை விட்டுவிடுகிறார்கள். மொடியூல் முனையில் வெள்ளைத் துகள் இருந்தால் அது கசிந்த பொற்றாசியம் ஐதரொட்சைட்டு. கண்ணாடி போட்டுக்கொண்டு துடையுங்கள்.

கைப்பலத்தில் நட் இறுக்குவது

5.4 நியூற்றன் மீற்றர். ரோர்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். கூட இறுக்கினால் முனை உள்ளே கழன்று கசியும். குறைய இறுக்கினால் சூடாகி உருகும்.

துளையிட்டுத் தண்ணீர் ஊற்றுவது

காய்ந்த மொடியூலை உயிர்ப்பிக்கலாம் என்று சிலர் இதைச் செய்கிறார்கள். வேண்டவே வேண்டாம்.

நெரிசலில் நியூட்ரலில் நிற்பது

நியூட்ரலில் எஞ்சின் ஓடினாலும் பற்றரிக்குச் சார்ஜ் ஏறாது. கொழும்பின் காலி வீதி நெரிசலில் ஏசியோடு அப்படி நின்றால் பற்றரி வடிந்துகொண்டே போகும். டிரைவிலேயே பிரேக்கை மிதித்து நில்லுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதும் இதே போலத்தான். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது அசையாமல் கிடந்த கார்களின் பற்றரிகள், வெளிநாடு போனவர்கள் வீட்டில் நிறுத்திவிட்டுப் போன கார்களில் போலத் தாமாக வடிந்தன. இரண்டு கிழமைக்கு ஒரு தடவை அரை மணி நேரமாவது ஓட்டுங்கள்.

கூட்டிப் பார்க்காமல் பிளக்கைப் போடுவது

மொடியூல்கள் ஒன்று விட்டு ஒன்று திரும்பி நிற்க வேண்டும். ஒன்று மாறியிருந்தாலும் ஆபத்து. பஸ்பார்களைக் கையுறையோடு பூட்டி முடித்ததும் இரண்டு துண்டுகளையும் தனித்தனியே அளந்து கூட்டுங்கள். 28 மொடியூலுக்கு 221, 20க்கு 158 வோல்ற் அளவில் வர வேண்டும். 16 வோல்ற் குறைந்தால் ஒன்று தலைகீழ். வாயு வெளியேறும் குழாயும், அடியில் கிளிப் செய்யும் வெப்ப உணரிகளும் தம் இடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தக் குழாய் இல்லாவிட்டால் ஐதரசன் காருக்குள்தான் வரும்.

பிறகு காரின் கணினியை வாசிக்கும் ஓபிடி கருவியையும், ஃபோனில் டாக்டர் பிரியஸ் செயலியையும் வைத்து, ஒருவர் ஓட்ட மற்றவர் பார்க்கட்டும். ஏற்றத்தில் மிதிக்கும்போது உச்சப் புளொக்குக்கும் அடிப் புளொக்குக்கும் இடையில் 0.3 வோல்ற் அளவு இருந்தால் பூட்டியது சரி. 1 வோல்ற்றைத் தாண்டினால் அந்தப் புளொக்கின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, முதலில் அதன் நட்டையும் வயர் முனையையும் பாருங்கள். அவை சரியாக இருந்தால்தான் மொடியூலைச் சந்தேகிக்க வேண்டும்.