நிலா போட்டோவ வச்சு ஒரு சயின்ஸ் கிளாஸ், ஸ்டெப் பை ஸ்டெப்

பெரிய படத்த ஸ்கிரீன்ல போட்டுட்டு நாமளே விளக்கிட்டிருந்தா பசங்க ரெண்டு நிமிஷம் வாய பொளந்து பாப்பாங்க, அவ்ளோதான். படத்துல அவங்களே எண்ணணும், அளக்கணும், அதுக்கப்புறம்தான் நாம வாயத் தொறக்கணும்.

ஸ்டெப் 1: பிரவுசர்ல எல்ஆர்ஓசி குவிக்மேப்னு (LROC QuickMap, நிலாவோட மேப் சைட்) தேடுங்க. நாசாவோட எல்ஆர்ஓ விண்கலம் 2009ல இருந்து நிலாவ சுத்தி எடுத்த படங்கள், இலவசம்தான். ஸ்கூல்ல நெட் இழுக்கும்னா முந்தின நாளே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.

ஸ்டெப் 2: பாட்டி வடை சுடுறாங்கன்னு சொல்ற கறுப்புத் திட்டுல ஒரு இடம் (செரெனிடாடிஸ்ங்கற திட்டு நல்லாருக்கும்), தெக்குப் பக்கம் வெளுப்பா இருக்குற மேட்டுல ஒரு இடம். ரெண்டையும் ஒரே ஸ்கேல்ல, ஒரே சைஸ் கட்டமா பிரிண்ட் போட்டு குரூப் குரூப்பா குடுங்க.

ஸ்டெப் 3: எண்ண விடுறதுக்கு முன்னாடி வெயில் எந்தப் பக்கத்துல இருந்து அடிக்குதுன்னு கேளுங்க. இத விட்றாதீங்க, ஏன்னா பாதி பசங்களுக்கு பள்ளம் எல்லாம் மேடு மாதிரிதான் தெரியும், பேப்பர தலைகீழா திருப்பச் சொன்னா டக்குனு பள்ளமா மாறிடும், அந்த நேரம் கிளாஸே கத்தும், கத்தட்டும்.

ஸ்டெப் 4: 5 கிலோமீட்டருக்கு மேல இருக்குற பள்ளத்த மட்டும் பேனாவால வட்டம் போட்டு எண்ணணும். கறுப்புத் திட்டுல கொஞ்சம்தான் வரும், மேட்டுல எண்ணி மாளாது. ஏன்னு கேட்டுட்டு சும்மா இருங்க. "அங்க மட்டும் கல்லு விழலயா சார்?"னு ஒருத்தராவது கேப்பாங்க, அதுதான் நமக்கு வேணும். பள்ளமே விண்கல் விழுந்து ஆனதுதான், அங்கயும் விழுந்துச்சு, ஆனா எரிமலைக் குழம்பு வந்து பழைய பள்ளத்த மூடிருச்சு. அந்தக் கறுப்புப் பாறையே 1969ல அப்போலோ 11 கொண்டு வந்ததுல 350 கோடி வருஷத்துக்கு மேல பழசு, மேடு அதவிடப் பழசு. பள்ளம் கூடக் கூட வயசும் கூடுதுங்கறத இப்போ அவங்களே சொல்லிடுவாங்க.

ஸ்டெப் 5: அப்போலோ 17 இறங்குன எடத்துக்கு ஜூம் பண்ணுங்க. ஒரு பிக்சல் சுமாரா அரை மீட்டர். அங்க விட்டுட்டு வந்த லேண்டரோட அடிப்பாகம் 4 மீட்டர் அகலம், அப்போ எத்தன பிக்சல்? போர்டுல போட வைங்க. பக்கத்துல மெல்லிசா கறுப்புக் கோடு தெரியுதுல்ல, அது 1972ல மனுஷன் நடந்த தடம், காத்தும் மழையும் இல்லாததால இன்னும் அழியல.

வீட்டுப்பாடமா 2023ல சந்திரயான் 3 இறங்குன எடத்த, தெக்கு அட்சரேகை 69 டிகிரி கிட்ட, மேப்ல தேடி அதச் சுத்தி இருக்குற பள்ளத்த எண்ணிட்டு வரச் சொல்லுங்க.